முதல் ட்ரோன்: எதற்குப் பணம் கொடுக்கிறோம்?

வான்வழிப் புகைப்படம் கற்க விரும்பும் ஒருவரிடம் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்த ட்ரோனை வாங்குவது? இணையக் கடையில் தேடினால் மூவாயிரம் ரூபாய்க்கும் ‘4கே கேமரா ட்ரோன்’ கிடைக்கிறது, லட்சத்தைத் தாண்டியும் ‘4கே கேமரா ட்ரோன்’ கிடைக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட எண் இரண்டிலும் ஒன்றுதான். கல்யாண ஸ்டுடியோவில் உதவியாளராக இருக்கும் இளைஞர், விஸ்காம் படிக்கும் மாணவி, ஓய்வு பெற்ற பிறகு கேமராவைக் கையிலெடுத்தவர் என எல்லோரும் இந்த இடத்தில்தான் குழம்பி நிற்கிறார்கள். கடைக்காரர் எத்தனை கிலோமீட்டர் போகும் என்கிறார். யூடியூபர் எவ்வளவு வேகம் என்கிறார். கற்பவருக்கு என்ன வேண்டும் என்று இருவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை முன்னால் வைத்து, சந்தையில் பெயர் அடிபடும் கருவிகளை ஒவ்வொன்றாக எடைபோடுவது இக்கட்டுரையின் வேலை. முதலில் தரத்தை மட்டும் பார்ப்போம். சட்டம் பிறகு வரும்; வந்ததும் வரிசையை மாற்றியும் போடும்.

அளவுகோல்கள்

முதல் அளவுகோல், கேமராவின் அசைவின்மை. ட்ரோன் வானத்தில் அசையாமல் நிற்பது போலத் தோன்றினாலும், உண்மையில் அது ஓயாமல் சாய்ந்து நிமிர்ந்துதான் ஓரிடத்தில் நிற்கிறது. இடப்புறமிருந்து காற்றடித்தால் இடப்புறமே சாய்ந்து எதிர்க்கும். முன்னே போக வேண்டுமானால் மூக்கைத் தாழ்த்தும். உடலோடு சேர்ந்து கேமராவும் சாய்ந்தால் தொடுவானம் கோணலாகிவிடும். இதைச் சரிக்கட்டுவதற்கு வந்ததுதான் கிம்பல். மேல்-கீழ், பக்கச்சாய்வு, இட-வலம் என்ற மூன்று அச்சுகளிலும் சின்னச் சின்ன மோட்டார்கள் கேமராவை எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே இருக்கும். இதற்குப் பதிலாக ‘எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன்’ என்று விற்கப்படுவது மென்பொருள் வித்தை. படத்தின் ஓரங்களை வெட்டி, மீதியை நகர்த்தி, வீடியோ ஆடாதது போலக் காட்டும். பகல் வெளிச்சத்தில் அது ஓரளவு எடுபடும். மாலையில் ஷட்டர் வேகம் குறையும்போது ஒவ்வொரு பிரேமுக்குள்ளேயும் படிந்துவிடும் மங்கலை எந்த மென்பொருளாலும் துடைக்க முடியாது. ஒற்றைப் புகைப்படத்துக்கோ அந்த வித்தையால் பயனே இல்லை.

இரண்டாவது, இடத்தில் நிற்றல். கையை எடுத்தால் ட்ரோன் அங்கேயே காத்திருக்க வேண்டும். செயற்கைக்கோள் வழி இடமறிதலும், அடிப்பகுதியிலிருந்து தரையைப் பார்க்கும் உணரியும் சேர்ந்து இதைச் செய்கின்றன. பிரேமுக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று யோசிக்கும் நேரம் இந்தக் காத்திருப்பில்தான் கிடைக்கிறது. சிக்னல் அறுந்தால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் வசதியும் இதையே நம்பியிருக்கிறது.

மூன்றாவது, கேமரா கொடுக்கும் ஃபைல். மேலிருந்து எடுக்கும் படத்தில் வெளுத்த வானமும் இருண்ட தென்னந்தோப்பும் ஒரே சட்டகத்தில் வரும். ஜேபெக் மட்டும் தரும் கேமரா இரண்டில் ஒன்றைத் தொலைத்துவிடும். ரா ஃபைல் தருவதில் வீட்டுக்கு வந்து இரண்டையும் பெருமளவு மீட்கலாம். ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும் நாமே தீர்மானிக்கும் வசதியும் வேண்டும். இந்த விலைப் பிரிவில் அபர்ச்சர் நிலையானது என்பதால், கற்பவர் கையில் இருப்பவை இந்த இரண்டு திருகுகள் மட்டுமே. அவையும் தானியங்கி என்றால் கற்க எதுவும் மிஞ்சாது.

நான்காவது, விழுந்தபின் எழுதல். தொடக்கநிலையாளரின் ட்ரோன் மரத்தில் சிக்கும், சுவரில் முட்டும். சுழலும் இறக்கை, பேட்டரி, கிம்பலின் மெல்லிய ஒயர்ப் பட்டை ஆகியவை எளிதில் கிடைக்காத ட்ரோன் எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் முதல் விபத்தோடு முடிந்தது. ஐந்தாவது, ரசீது. அதை அதற்குரிய இடத்தில் பார்ப்போம்.

எவை அளவுகோல் அல்ல என்பதும் முக்கியம். பத்து கிலோமீட்டர் தூரம் என்று விளம்பரம் செய்வார்கள். கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் பறக்கவிடுவதே தொடக்கநிலையாளருக்கான நெறி. கால் கிலோ எடையுள்ள ட்ரோன் சில நூறு மீட்டரிலேயே புள்ளியாகிவிடும். அந்த எண்ணால் ஒரு பயன் உண்டு: வலுவான சிக்னல் அருகில் இருக்கும்போதும் படத்தைத் தடையின்றி அனுப்பும். மெகாபிக்சலும் அப்படித்தான். 12 மெகாபிக்சல் என்றால் 4000க்கு 3000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரமான அச்சில் அது 13 அங்குல அகலம், 10 அங்குல உயரம். 24 மி.மீ.க்கு ஈடான லென்ஸோடு 50 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே எடுத்தால் ஏறத்தாழ 72 மீட்டருக்கு 54 மீட்டர் நிலம் படத்துக்குள் வரும். ஒரு புள்ளிக்கு இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தரை. நாற்று நடும் பெண்களின் வரிசையை எண்ணிவிடலாம். கற்பதற்கு இதற்கு மேல் வேண்டியதில்லை.

பொம்மை ட்ரோன்கள்

ஈ88, ஈ99 போன்ற பெயர்களில் இரண்டாயிரம் முதல் ஐந்தாயிரம் ரூபாய் வரை விற்கப்படும் மடிப்பு ட்ரோன்களை முதலில் எடுத்துக்கொள்வோம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செயற்கைக்கோள் இடமறிதல் கிடையாது, கிம்பல் கிடையாது. கேமரா உடலோடு ஒட்டியே இருக்கும். ‘4கே’ என்பது சிறிய சென்சார் தரும் படத்தை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கிய அளவு. வீடியோ வைஃபை வழியாகக் கைபேசிக்கு வந்து அங்கேதான் பதிவாகும். சிக்னல் திக்கினால் பதிவும் திக்கும். பிரஷ் உள்ள சிறு மோட்டார்கள் தேய்ந்து போகும். உடலின் எடை குறைவு என்பதால் கடற்கரைக் காற்றில் அது போகும் திசையைக் காற்றுதான் முடிவுசெய்யும்.

இவற்றுக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு, அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தானாக நிற்காத ட்ரோனில் பழகியவர் கைக்கு வரும் தேர்ச்சி, எல்லாவற்றையும் தானே செய்யும் ட்ரோனில் பழகியவருக்கு வராது. செயற்கைக்கோள் சிக்னல் போய்விட்ட நொடியில் பதறாமல் இறக்குபவர் முன்னவர்தான். ட்ரோனின் முகம் நம்மை நோக்கித் திரும்பியவுடன் இடமும் வலமும் மாறிவிடுமே, அந்தக் குழப்பத்தை இரண்டாயிரம் ரூபாய்க் கருவியில் தீர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் இந்த வாதம் கைக்கு மட்டுமே பொருந்தும், கண்ணுக்குப் பொருந்தாது. ஒளி, உயரம், கோணம் ஆகியவற்றைக் கற்க நிலையான சட்டகம் வேண்டும். எனவே தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது: இறக்கைக் காப்புள்ள பொம்மை ட்ரோனைக் கூடத்துக்குள் கைப்பழக்கத்துக்கு வாங்கலாம், கேமரா என்று நம்பி வாங்கக் கூடாது. எட்டாயிரம், பத்தாயிரம் விலையில் ‘புரோ’, ‘மேக்ஸ்’ என்று ஒட்டிய பொம்மைகளை எதற்காகவும் வாங்கக் கூடாது. கைப்பழக்கத்துக்கு அது அதிக விலை. படத்துக்குப் போதாத கருவி.

டெல்லோ, நியோ: நல்ல கருவி, வேறு பாடம்

2018இல் ரைஸ் நிறுவனம் ட்ரோன் நிறுவனமான டி.ஜே.ஐ.யின் பறப்புத் தொழில்நுட்பத்தோடு வெளியிட்ட டெல்லோ இந்தப் பொம்மைகளிலிருந்து வேறுபட்டது. 80 கிராம் எடை, 13 நிமிடப் பறப்பு, 99 டாலர் விலை. தரை உணரியால் கூடத்துக்குள் அழகாக நிற்கும். பைத்தானில் கட்டளை எழுதிப் பறக்க வைக்கலாம் என்பதால் பள்ளிகளிலும் இடம்பிடித்தது. புகைப்படம் 5 மெகாபிக்சல், வீடியோ 720 வரிகள், கிம்பல் இல்லை. நிரலெழுதக் கற்பவருக்குச் சிறந்த ஆசிரியர். புகைப்படக்காரருக்குச் சொல்லித்தர அதனிடம் எதுவுமில்லை.

2024 செப்டம்பரில் 199 டாலருக்கு வந்த டி.ஜே.ஐ. நியோவை இவ்வளவு சுருக்கமாகத் தள்ள முடியாது. 135 கிராம் எடை. இறக்கைகளைச் சுற்றிக் காப்பு. உள்ளங்கையிலிருந்து கிளம்பி உள்ளங்கையிலேயே இறங்கும். ரிமோட் இல்லாமலும் இயங்கும். பயம் தெளிவதற்கு இதைவிட எளிய கருவி அரிது. மலிவானது, பாதுகாப்பானது, 4கே தருவது, ஆகவே தொடக்கநிலைக்கு இதுவே போதும் என்று பலரும் பரிந்துரைப்பதில் நியாயமும் இருக்கிறது.

நம் அளவுகோல்களில் வைத்தால் அது வழுக்குகிறது. கிம்பல் ஒற்றை அச்சு மட்டுமே. கேமரா மேலும் கீழும் அசையும், பக்கச்சாய்வை மென்பொருள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். புகைப்படத்துக்கு ரா ஃபைல் கிடையாது. லென்ஸ் 14 மி.மீ.க்கு ஈடான மிக அகலக் கோணம். அருகில் நிற்கும் ஆளைப் பின்னணியோடு படம்பிடிக்க அது வசதி. வயல்வெளியின் கோடுகளைத் தேர்ந்து சட்டகமிட முயன்றால் வேண்டாத அனைத்தும் உள்ளே வந்து நிற்கும். பறப்பு அதிகபட்சம் 18 நிமிடம் என்று சொல்லப்படுகிறது. எச்சரிக்கையாக இறக்கினால் அதற்கும் குறைவு. கிளம்பும் இடம் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளரே வரம்பு வைத்திருக்கிறார்; உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நியோ தன்னைத் தானே படமெடுக்க விரும்புபவரின் கருவி. அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. நிலத்தைப் படமெடுக்கக் கற்பவருக்கு அது அரைப்பாடம்.

கால் கிலோ வகுப்பு

போட்டியின் மையம் 249 கிராம் வகுப்பு. இதைத் தொடங்கிவைத்தது 2019 இறுதியில் 399 டாலருக்கு வந்த டி.ஜே.ஐ.யின் மாவிக் மினி. மூன்று அச்சுக் கிம்பல், 12 மெகாபிக்சல், 2.7கே வீடியோ. குறை இரண்டு: படம் ஜேபெக் மட்டும், சிக்னல் வைஃபை என்பதால் நகரத்துக்குள் அடிக்கடி திணறும். ஓராண்டு கழித்து 2020 நவம்பரில் 449 டாலருக்கு வந்த மினி 2 இரண்டையும் தீர்த்தது. ரா ஃபைல் வந்தது, 4கே வந்தது, வலுவான சிக்னல் முறை வந்தது. காற்றைத் தாங்கும் திறனும் நொடிக்கு 8 மீட்டரிலிருந்து பத்து மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றைக் கோவைக்காரர்கள் அறிவார்கள். ஆரல்வாய்மொழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கெல்லாம் இந்த வேறுபாடுதான் ட்ரோன் திரும்பி வருமா, வராதா என்பதைத் தீர்மானிக்கும்.

மினி 2இன் சென்சார் 1/2.3 அங்குலம், லென்ஸ் எஃப்/2.8. பெரிய ட்ரோன்களோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆனால் கற்பவருக்கு வேண்டிய எல்லாத் திருகுகளும் இதில் இருக்கின்றன. ஷட்டரை நான்கு நொடி வரை திறந்து வைக்கலாம். வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் அடுத்தடுத்து மூன்று படம் எடுக்கலாம். நடுப்பகல் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/2.8 என்றால் ஷட்டர் 1/3200 நொடிக்குப் போய்விடும். வீடியோவில் அசைவு இயல்பாகத் தெரிய 1/60 வேண்டும். அதற்கு ஒளியை 64இல் ஒரு பங்காக்கும் கருப்புக் கண்ணாடி வேண்டும். இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பவர் ஒளியைப் புரிந்துகொள்கிறார். தானியங்கியில் விட்டவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முன்பக்கத் தடையை உணரும் கண் இதற்கு இல்லை. கீழே மட்டும் பார்க்கும். மரக்கிளையும் மின்கம்பியும் நம் பொறுப்பு. நகரும் ஆளைத் தானாகப் பின்தொடராது. இவை கற்பவருக்குப் பெரிய இழப்பு இல்லை. கிளையைத் தானே பார்த்து விலகப் பழகுவது பாடத்தின் பகுதி. 31 நிமிடம் என்று சொல்லப்படும் பறப்பு நேரம் காற்றில்லாத நிலைக்கானது. பேட்டரியில் மிச்சம் வைத்து இறக்கினால் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். இயங்கும் வெப்பநிலை வரம்பு 40 டிகிரி. அக்கினி நட்சத்திரத்தில் வேலூரிலும் திருத்தணியிலும் நடுப்பகலில் அந்த வரம்பு கடந்துவிடும். நல்ல ஒளி காலையிலும் மாலையிலும்தான் என்பதால் புகைப்படக்காரருக்கு அதில் நட்டமும் இல்லை.

2024 ஏப்ரலில் 299 டாலருக்கு வந்த மினி 4கே, பெயரில் புதியது, உள்ளே பெரும்பாலும் மினி 2. அதே 12 மெகாபிக்சல், அதே எஃப்/2.8, அதே ரா ஃபைல். மூன்றரை ஆண்டு கழித்தும் அதே கேமராவை விலை குறைத்து விற்க முடிகிறது என்பதே அந்த வடிவமைப்பு கற்பவருக்குப் போதுமானது என்பதற்குச் சான்று.

மினி 3: கூடுதல் பணம் எதற்கு?

2022 டிசம்பரில் வந்த மினி 3இன் ரிமோட்டோடு கூடிய விலை 559 டாலர். இந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது ஒளி. 1/1.3 அங்குலச் சென்சார் பரப்பளவில் மினி 2இன் சென்சாரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. எஃப்/1.7 லென்ஸ் எஃப்/2.8ஐவிட ஏறக்குறைய 2.7 மடங்கு ஒளியை விடும். இரண்டையும் பெருக்கினால் படத்துக்குள் வரும் மொத்த ஒளி ஆறு மடங்குக்கும் மேல். அந்தி சாய்ந்தபின் கோபுர விளக்குகளையும் தெப்பத்தையும் எடுக்கும்போது, ஒன்றில் புள்ளி புள்ளியாகக் கரைந்துபோகும் நிழல் மற்றதில் நிழலாகவே நிற்கும். கேமராவை 90 டிகிரி திருப்பி நெடுக்காகப் படமெடுக்கும் வசதி ரீல்ஸ் காலத்துக்கு ஏற்றது.

அளவுகோலின்படி சிறந்த கருவி இதுவே என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சிறந்தது என்பதும் முதலில் வாங்கத் தக்கது என்பதும் ஒன்றில்லை. ஐம்பதாயிரம் ரூபாய் முழுவதையும் ட்ரோனுக்கே கொடுத்துவிட்டு ஒரே பேட்டரியோடு நிற்பவர் ஒரு காலையில் இருபது சொச்சம் நிமிடம்தான் கற்கிறார். சற்றே குறைந்த கேமராவும் மூன்று பேட்டரியும் வைத்திருப்பவர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கற்கிறார். போட்டு உடைத்துவிடுவோமோ என்ற பயமும் விலையோடு சேர்ந்தே ஏறும். பயந்தவர் ட்ரோனை உயரமாக, தூரமாக, வெட்டவெளியில் மட்டுமே நிறுத்துவார். வான்வழிப் படங்களில் எளிதில் சலிப்பூட்டுபவை அப்படி எடுத்தவைதான். பத்து, பதினைந்து மீட்டர் உயரத்தில், மொட்டை மாடிக்குச் சற்று மேலே, மனிதரும் அவர் நிழலும் இன்னும் அடையாளம் தெரியும் இடத்தில்தான் சுவையான படங்கள் கிடைக்கின்றன. அங்கே துணிந்து போகவைப்பது மலிவான ட்ரோன். இரண்டாவது ட்ரோனாக மினி 3 சரி. முதலாவதாக மினி 2 வகை போதும்.

சட்டம் வரிசையை மாற்றுகிறது

இதுவரை தரத்தை மட்டும் பார்த்தோம். இந்தியாவில் வாங்குபவருக்கு இன்னொரு நாள்காட்டி இருக்கிறது. 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், ட்ரோன்களை முழுமையாகவோ பிரித்த நிலையிலோ இறக்குமதி செய்வதைத் தடைசெய்தது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை.

இப்போது மேலே சொன்ன ஆண்டுகளைத் திரும்பப் பாருங்கள். மினி 3 வெளியானது 2022 டிசம்பர். மினி 4கே 2024. நியோ 2024. மூன்றும் தடைக்குப் பின் பிறந்தவை. ஆகவே சாதாரணக் கடையில் இவற்றில் ஒன்று புதிதாக, பளபளப்பாக இருந்தால், அது எந்த வழியில் வந்தது என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இருக்க வாய்ப்பில்லை. ரசீதில்லாத ட்ரோனை அரசிடம் பதிவுசெய்ய முடியாது. பறிமுதலானால் உரிமை கோர முடியாது. பழுதுபார்க்கக் கொடுத்தாலும் தயக்கம்தான். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார் என்ற நம்பிக்கை விமான நிலையச் சுங்கத்தில் முடியலாம். இங்கே பார்த்த கால் கிலோ வகுப்பில் தடைக்கு முன் வந்தவை மாவிக் மினியும் மினி 2உம்தான். சிங்கப்பூரிலோ துபாயிலோ வாழும் வாசகருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்தந்த நாட்டுப் பதிவு விதிகளைப் பார்த்துக்கொண்டு அவர் மினி 4கேவை நேராக வாங்கலாம்.

இந்தியருக்கு இன்னொரு வழி, உள்நாட்டில் தயாராகியோ உதிரிபாகங்களிலிருந்து பொருத்தப்பட்டோ வரும் நானோ ட்ரோன்கள். சென்னையின் கருடா ஏரோஸ்பேஸ் 2022இல் தோனியை முன்னிறுத்தி ‘ட்ரோனி’ என்ற கேமரா ட்ரோனை அறிமுகப்படுத்தியது. வேறு சில இந்தியப் பெயர்களும் சந்தையில் இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் ட்ரோன்களுக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்திருப்பது இவற்றுக்குச் சாதகம். ஆனால் ‘மேக் இன் இந்தியா’ முத்திரை கிம்பலுக்கு மாற்றில்லை. கடையில் கேட்க வேண்டியவை: கிம்பல் மூன்று அச்சா? ரா ஃபைல் உண்டா? ஷட்டரை நாமே வைக்கலாமா? படம் ட்ரோனுக்குள் இருக்கும் கார்டில் பதிவாகிறதா? பேட்டரியும் இறக்கையும் தனியே விற்கிறீர்களா? ஐந்துக்கும் ‘ஆம்’ என்றால் பறக்கவிட்டுக் காட்டச் சொல்லி, எடுத்த ஃபைலைக் கணினியில் திறந்து பார்த்தபின் பணம் கொடுங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் அது விலையுயர்ந்த பொம்மை.

எடைக்கும் சட்டத்தில் பொருள் உண்டு. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவை இயக்க விமானிச் சான்றிதழ் தேவையில்லை. மைக்ரோவைத் தொழிலுக்காக இயக்கினால் தேவை. அதற்கு 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் அடிப்படைத் தகுதி. கல்யாண ஆர்டர் எடுக்க நினைப்பவர் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இயங்கும் தமிழ்நாடு அரசின் ஆளில்லா வானூர்திக் கழகம் போன்ற இடங்களில் பயிற்சி பெறலாம். 249 கிராம் ட்ரோனில் இறக்கைக் காப்பையும் விளக்கையும் மாட்டினால் அது 250ஐத் தாண்டி மைக்ரோவாகிவிடும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

எங்கே பறக்கவிடலாம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் சொல்லும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரை மட்டும். மீனம்பாக்கம், தாம்பரம், சூலூர், அரக்கோணம், கல்பாக்கம், கூடங்குளம் சுற்றுவட்டாரங்களில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள சின்னங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் பச்சை மண்டலம் இல்லாதவருக்கு எந்த ட்ரோனும் நல்ல ட்ரோன் இல்லை.

பழையதை வாங்கும்போது

மினி 2 இன்று பெரும்பாலும் கைமாறித்தான் கிடைக்கும். பார்க்க வேண்டியது மேலுறைக் கீறலை அல்ல. செயலியைத் திறந்து பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். கையில் எடுத்து உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். உப்பிய லித்தியம் பேட்டரி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ட்ரோனை ஆள் உயரத்தில் நிறுத்தி இரண்டு நிமிடம் கவனியுங்கள். வட்டமிட்டு நகர்ந்தால் திசைகாட்டியிலோ உணரியிலோ கோளாறு. கிம்பலை மேலிருந்து கீழ்வரை ஓட்டி, தொடுவானம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். அசல் ரசீதும் பதிவு எண்ணும் கேளுங்கள். பதிவின் உரிமை மாற்றத்தையும், பழைய உரிமையாளரின் செயலிக் கணக்கிலிருந்து விடுவிப்பதையும் பணம் கொடுக்கும் முன் முடியுங்கள். இதன் பேட்டரி வடிவம் மினி 4கே வரை தொடர்ந்தது என்பதால் மாற்றுப் பேட்டரி கிடைப்பது பெரிய சிரமமில்லை.

பட்ஜெட்டைப் பிரிக்கும் முறையும் தேர்வின் பகுதிதான். ஐம்பதாயிரம் இருந்தால் ட்ரோனுக்கு முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் வேண்டாம். மீதி, இரண்டு கூடுதல் பேட்டரிக்கும் சில செட் இறக்கைகளுக்கும் நம்பகமான மெமரி கார்டுக்கும் ஒன்றிரண்டு கருப்புக் கண்ணாடிகளுக்கும். ஏதாவது மிஞ்சினால் அதைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கவே வேண்டாம் என்ற வாதம்

கடைசியாக, ட்ரோனே வேண்டாம் என்பவர்களின் வாதத்தையும் எடைபோட வேண்டும். 1906இல் நிலநடுக்கத்தால் சிதைந்த சான் பிரான்சிஸ்கோ நகரை ஜார்ஜ் லாரன்ஸ் பட்டங்களில் கட்டித் தூக்கிய கேமராவால் எடுத்தார். சுமார் 2,000 அடி உயரத்திலிருந்து கிடைத்த அந்தப் படம் இன்றும் வான்வழிப் புகைப்படத்தின் அடையாளங்களுள் ஒன்று. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கருவி இரண்டாம்பட்சம் என்பதை அது நிரூபிக்கிறது. பத்தாயிரத்துக்கும் குறைவாகக் கையில் இருப்பவர் பெயின்டர்கள் பயன்படுத்தும் நீள்கம்பத்தின் நுனியில் கைபேசியைப் பூட்டி ஐந்தாறு மீட்டர் உயரத்திலிருந்து சந்தையை, கோலத்தை, காயவைத்த மிளகாயை எடுக்கலாம். கணினி சிமுலேட்டரில் கைப்பழக்கம் செய்யலாம். பணம் சேரும்வரை இது காத்திருப்பு மட்டுமாக இருக்காது, நல்ல பயிற்சியாகவே அமையும். இந்த வாதம் பத்தாயிரத்துக்குக் கீழே முழுதாக வெல்கிறது. அதற்கு மேலே தோற்கிறது. கம்பத்தின் உயரம் மாறாது, கம்பத்தால் ஆற்றைக் கடக்க முடியாது.

தீர்ப்பு

பத்தாயிரத்துக்குக் கீழே: கேமரா ட்ரோன் எதையும் வாங்காதீர்கள். கம்பமும் சிமுலேட்டரும் ஒரு சிறு பொம்மை ட்ரோனும் போதும். இருபத்தைந்து முதல் ஐம்பதாயிரம் வரை: இந்தியாவில் இருப்பவர் ரசீதும் பதிவும் சரியாக உள்ள பழைய மினி 2ஐ முதலில் தேடட்டும், கிடைக்காவிட்டால் ஐந்து கேள்விக்கும் ‘ஆம்’ சொல்லும் உள்நாட்டு நானோவை எடுக்கட்டும், இரண்டும் இல்லையென்றால் காத்திருக்கட்டும். இந்தியாவுக்கு வெளியே இருப்பவருக்கு மினி 4கே. நியோ, தன்னைப் படமெடுக்க விரும்புபவருக்கு மட்டும். மினி 3, அந்தி ஒளி உண்மையிலேயே தேவைப்படும் நாள் வந்தபின். இடைப்பட்ட விலையில் ‘புரோ’ என்று ஒட்டியவை யாருக்கும் வேண்டாம்.

பெட்டியில் 4கே என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிடுங்கள். மூன்று அச்சுக் கிம்பல், ரா ஃபைல், 250 கிராமுக்குள் எடை, கையில் ரசீது. இந்த நான்கும் இருந்தால் வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.